லாங் என்பது ஓர் ஊரின் பெயர்

2025 மே 17, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நேசமலரின் பொறுப்பில் நாற்பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேர் அவருக்குத் தேவைப்பட்டார்கள்.

முப்பத்தைந்து என்ற எண்ணை வைத்தவர் ஃபிராவ் ரைன்டோர்ஃப். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எட்டுப் பேருந்துகள் வைத்திருக்கும் சுற்றுலா நிறுவனத்தின் உரிமையாளரான பெண்மணி. பயண வழிகாட்டி வேலை கேட்டு வந்த நேசமலரை அவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு இப்படி முடித்தார்: ஒரு பேருந்து தருகிறேன், ஓர் ஓட்டுநர் தருகிறேன். ஆட்களை நீங்கள் பிடியுங்கள், ஊரையும் நீங்களே சொல்லுங்கள். திரும்பி வரும்போது எல்லோரும் எங்கள் படிவத்தை நிரப்பட்டும். "எங்களோடு மீண்டும் பயணம் செய்வீர்களா?" என்ற கேள்விக்கு முப்பத்தைந்து பேர் ஆம் என்றால் வேலை உங்களுக்கு.

குறைந்தால், ஜூன் 2 திங்கட்கிழமை முதியோர் பராமரிப்புப் பயிற்சி. வேலைவாய்ப்பு அலுவலகம் அவருக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. "அது நல்ல வேலை, ஆனா என்ர வேலை இல்லை" என்று நேசமலர் அலுவலகத்தில் சொன்னதற்கு, உங்களுக்கு நாற்பத்தேழு வயது என்று பதில் வந்தது.

பதினொரு வயதில், 1989இல், தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பதினேழாம் வயதில், ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கும் வெதுப்பகத்தில் விற்பனைப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு இருபத்தாறு வருடம் பாண் விற்றார். கடைசிப் பத்தொன்பது வருடம் பார்மன் பகுதியில் ஒரே கடையில், கடைசிப் பன்னிரண்டு வருடம் அதன் பொறுப்பாளராக. ஞாயிறு காலை வரிசை கதவைத் தாண்டித் தெருவுக்குப் போகும். முதல் ஆளுக்குப் பையைச் சுற்றிக்கொண்டே மூன்றாவது ஆளின் முகத்தைப் படிப்பது அவருடைய முறை. முறைக்கிறாரா, கடிகாரம் பார்க்கிறாரா, பிள்ளை அழுகிறதா. வரிசை பொறுமையிழக்கப் போகிறது என்று தெரிந்தால் சிறு துண்டுகளாக வெட்டிய கேக்கைத் தட்டில் வைத்து வெளியே அனுப்புவார். வாயில் ஏதாவது இருந்தால் மனிதர் கத்துவதில்லை. போன ஒக்டோபரில் கடையை மூடிவிட்டார்கள்.

பிரெஞ்சு தனிக் கதை. பாரிஸில் இருக்கும் மச்சாள் ஒருத்தி கடைக்காரனோடு பிரெஞ்சில் சண்டை பிடித்து வென்றதை நேரில் பார்த்த பொறாமையில், நகரத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தார். செவ்வாய்தோறும், ஆறு வருடம். நான்காவது வருடம் ஆசிரியை ஒரு படத்தைச் சுவரில் மாட்டினார். இரட்டைக் கோபுரத் தேவாலயம். கோபுர உச்சிகளில், தூண்களுக்கு நடுவிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் கல் மாடுகள். வடக்குப் பிரான்ஸில், தட்டை நிலத்துக்கு நடுவே தனியாக எழும்பும் ஒரு குன்றின் மேல் அந்த ஊர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அரசர்கள் இருந்த இடம். இப்போது பாரிஸுக்குப் போகிறவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. நேசமலர் அந்த ஊருக்கு நான்கு முறை போய்வந்துவிட்டார். ஃபிராவ் ரைன்டோர்ஃப் ஊரைச் சொல்லுங்கள் என்றதும் யோசிக்காமல் சொன்ன பெயர் அதுதான்.

சிக்கலும் அந்தப் பெயரில்தான்.

எழுத்தில் அது எல், ஏ, ஓ, என். பிரெஞ்சுக்காரர் அந்த ஓவைத் தொடுவதில்லை. கடைசி எழுத்தை மூக்குக்குள் விட்டுவிடுவார்கள். ஜெர்மன்காரர்கள் 'லாஓன்' என்று இரண்டாக உடைப்பார்கள். ஆறு வருடம் படித்த நேசமலருக்கு அது காதில் குத்தும். ஆகவே தமிழ் அறிவித்தலில் ஒலி பிசகாமல் எழுதினார்:

"பிரான்ஸ் – லாங் ஒருநாள் பயணம். மே 17. காலை 6.00. ஓபர்பார்மன் நிலையம்."

மேலே தேவாலயத்தின் படம்.

ஜெர்மனியில் முப்பது வருடம் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழருக்கு 'லாங்' என்றால் ஒரே பொருள்தான்: நீளம். ஜெர்மன் சொல். பிரான்ஸுக்கு ஒரு நீண்ட நாள் பயணம் என்று படித்தார்கள். பிரான்ஸ் என்றாலும் ஒரே பொருள்தான். லண்டன் என்றால் முழு இங்கிலாந்து, பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாச்சப்பல்: சேலைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய், கொத்துரொட்டி. அறிவித்தலில் இருந்த இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து, எரிந்து திருத்தித் திறந்த பாரிஸ் தேவாலயம்தான் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள்.

தமிழ் மூத்தோர் சங்கத்தின் செயலாளர் புவனேந்திரன் மட்டும் தொலைபேசியில் முப்பத்தொரு இருக்கைகளை நிரப்பிக் கொடுத்தார். அறுபத்தெட்டு வயது, நாள் முழுக்கத் தொலைபேசி, யாரையும் மறுக்கவிடாத குரல். "பாரிஸ், பாரிஸ்" என்று அவர் சொல்லித்தான் ஆட்களைச் சேர்த்தார் என்பது நேசமலருக்குத் தெரியாது.

ஓபர்பார்மன் நிலையத்தில் ஓட்டுநர் டெட்லெஃப் பெட்டிகளைக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு நாள் பயணத்துக்கு ஏன் இத்தனை பெட்டி? அதுவும் எல்லாம் வெறும் பெட்டி."

நேசமலர் கையில் பெயர்ப்பட்டியல். முப்பத்தெட்டாவது பெயர் இன்னும் வரவில்லை. "எங்கட ஆக்கள் அப்படித்தான்" என்பதை ஜெர்மனில் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் கவனிக்கத் தவறிய ஒரே முகம் அந்தப் பெட்டிகளுடையது.

ஆஹென் தாண்டி, பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் ஒலிவாங்கியை எடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னும் மூண்டரை மணித்தியாலத்தில லாங்கில நிப்பம்."

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. சிவசக்தி. அறுபத்திரண்டு வயது; மகனுக்கு ஆவணியில் திருமணம்; பேருந்தின் அடியில் இருந்த மிகப் பெரிய பெட்டி அவருடையது.

"லாங் எண்டு தெரியும் பிள்ளை. பரவாயில்லை, இருக்கிறம். லாச்சப்பலுக்கு எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம்?"

"லாச்சப்பலுக்கோ?"

"பின்னை? எனக்குக் கூறைச்சீலை எடுக்கோணும். பன்னிரண்டுக்கு முதல் போனாத்தான் கடைக்காரன் நிண்டு காட்டுவான்."

"அக்கா, நாங்கள் பாரிஸுக்குப் போகேல்லை. லாங்குக்குப் போறம்."

"உதென்ன கதை? நீளத்துக்கு எப்பிடிப் போறது?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். நேசமலர் சிரிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது: அறிவித்தல், படம், வெறும் பெட்டிகள்.

"லாங் எண்டது ஊரின்ர பேர், அக்கா."

நாற்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அண்ணை! புவனேந்திரண்ணை! நீங்கள் பாரிஸ் எண்டெல்லே சொன்னனீங்கள்!"

"நான் அறிவித்தலில இருந்ததைச் சொன்னனான்."

"அறிவித்தலில பாரிஸ் எண்டு எங்கை கிடக்கு?"

"படத்தில கிடக்கு!"

"தம்பி வீட்டுக்கு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொண்டுவாறன். அவன் லாச்சப்பல் சந்தியில வந்து நிப்பான்."

"உவளுக்கு விசரோ? பேர் தெரியாத ஊர் பாக்கவோ எங்களைக் கூட்டிக்கொண்டு போறாள்?"

புவனேந்திரன் நடைபாதை வழியாக முன்னால் வந்து குனிந்து பேசினார். "தங்கச்சி, ஒண்டும் யோசியாதை. றைவரிட்டைச் சொல்லிப் பாரிஸுக்கு விடு. ரெண்டு மணித்தியாலம்தானே கூட."

நேசமலர் டெட்லெஃபிடம் கேட்டார். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி பதில் சொன்னார். காலை ஆறுக்கு வேலை தொடங்கினால் இரவு ஒன்பதுக்குள் அவர் பேருந்தைக் கொட்டகையில் விட வேண்டும்; அது சட்டம். பாரிஸ் என்றால் அங்கே தொட்டுவிட்டுத் திரும்புவதற்குக்கூட நேரம் இல்லை.

"நெடுஞ்சாலை மூடியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்" என்றார் டெட்லெஃப், குரலைத் தாழ்த்தி. "நானும் ஆமென்கிறேன்."

"நாற்பத்தொன்பது பேரிடமும் கைபேசி இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்."

ஒலிவாங்கியை மறுபடி எடுத்தார். வெதுப்பகத்தில் தவறான கேக்கைக் கட்டிக் கொடுத்த நாள்களில் பேசிய அதே குரல்: வேகமாக, கெஞ்சாமல்.

"கேளுங்கோ. பிழை என்ர. பேரை மட்டும் எழுதிப்போட்டு, அது எங்கை இருக்கெண்டு எழுதாமல் விட்டிட்டன். பாரிஸுக்கு இண்டைக்குப் போக ஏலாது. றைவருக்கு மணித்தியாலம் காணாது. வர விருப்பமில்லாத ஆக்கள் லியேஜில இறங்கலாம். அங்கையிருந்து ஆஹெனுக்கு ரெயின் இருக்கு, ரிக்கற் நான் எடுத்துத் தருவன். வாற ஆக்களுக்கு நான் ஒரு ஊர் காட்டுவன். அந்த ஊரில பிழை இல்லை. பின்னேரம் நிரப்புறதுக்கு ஒரு ஃபோர்முலார் தருவன், அதில உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. என்ர வேலை அதிலதான் இருக்கு. அதுக்காக ஆரும் பொய் எழுத வேண்டாம்."

லியேஜ் பலகை வந்தது. டெட்லெஃப் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தார்.

"இறங்கிறீங்களோ, சிவசக்தி?" என்று புவனேந்திரன் கேட்டார்.

"வெறும் பெட்டியோட ஆஹென் ஸ்ரேசனில நிண்டு என்னத்தைச் செய்யிறது? போற இடத்தில நிண்டு பேசுறன்."

பேருந்து லியேஜைத் தாண்டியது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "அப்ப மத்தியானச் சாப்பாடு?"

சாப்பாடு யாரிடமும் இல்லை. தமிழர் பேருந்து ஒன்று சாப்பாடில்லாமல் புறப்படுவது நடக்காத காரியம். அன்று நடந்தது, ஏனென்றால் எல்லோரும் லாச்சப்பலில் தோசையும் கொத்தும் சாப்பிடுவதாக இருந்தார்கள். இரண்டு பேரிடம் நான்கு மீன் ரோல்ஸ் இருந்தன. பாதிப் பேர் சனிக்கிழமைகளில் மீன், இறைச்சி தொடமாட்டார்கள்; அவர்களுக்கு அதுவும் ஆகாது. நேசமலர் ஆளுக்கொரு பக்கம் சாப்பிட அனுப்பலாம் என்றுதான் நினைத்திருந்தார். கட்டுச்சோறு கொண்டுவருவார்கள், சிலர் மட்டும் கடைக்குப் போவார்கள் என்ற கணக்கு. அந்தக் குன்றின் மேல் ஒரே நேரத்தில் நாற்பத்தொன்பது பேரை உட்கார வைக்கிற உணவகம் அவருக்குத் தெரிந்து இல்லை.

நமூர் அருகே ஓய்விடத்தில் பேருந்து நின்றபோது மணி எட்டு நாற்பது. நேசமலர் தேவாலயத்துக்குப் போகும் தெருவிலிருந்த ஒரு வெதுப்பகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தார். அந்தக் கடையில் நான்கு முறை பாண் வாங்கியிருக்கிறார். பிரெஞ்சில் தொலைபேசியில் பேசுவது அதுதான் முதல் தடவை. வகுப்பில் கைகளையும் பார்த்துப் பேசலாம். இங்கே குரல் மட்டும்.

மதியத்துக்கு நாற்பத்தொன்பது பேருக்கு நிரப்பிய பாண் வேண்டும் என்றார்.

"முடியாது, மதாம். சனிக்கிழமை. இரண்டு பேர்தான் இருக்கிறோம்" என்றார் கடைக்காரப் பெண்.

"உங்கள் இரண்டாவது சுடுகை எத்தனை மணிக்கு?"

வாடிக்கையாளர் யாரும் கேட்கிற கேள்வி இல்லை அது.

"பத்துக்கு."

"அதில் இருபத்தைந்து நீளப் பாண் கூடப் போடுங்கள். இரண்டாக வெட்டினால் போதும். நிரப்புவதற்கு நான் வருகிறேன். இருபத்தாறு வருடம் இதே மேசைக்குப் பின்னால் நின்றவள்."

"எங்கே?"

"ஜெர்மனியில்."

"ஏப்ரன் கொண்டுவருகிறீர்களா?"

"நீங்கள் தருவீர்கள்."

மறுபக்கம் அந்தப் பெண் சிரித்தார். பேருந்து கிளம்பியதும் நேசமலர் நடைபாதையில் நின்று எண்ணத் தொடங்கினார்.

"மரக்கறி ஆக்கள் கையைத் தூக்குங்கோ. சீஸ், தக்காளி, சலாது."

"முட்டை வைக்கலாம்தானே? முட்டை மரக்கறிதானே?" என்றார் புவனேந்திரன்.

"கோழியிட்டைக் கேட்டுப் பாருங்கோ அண்ணை" என்றார் சிவசக்தி. ஆஹெனுக்குப் பிறகு பேருந்து முழுவதும் சிரித்தது அப்போதுதான்.

இருபத்தெட்டுச் சீஸ், பன்னிரண்டு முட்டை, ஒன்பது கோழி.

பதினொரு மணி பத்து நிமிடத்துக்குக் குன்று தெரிந்தது. வயல், வயல், மறுபடி வயல். அதற்கு நடுவே யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல ஒரு மேடு. அதன் மேல் கோபுரங்கள். சிவசக்தி சன்னலுக்கு வெளியே பார்க்காமல் யாருக்கோ தொலைபேசியில் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

மேல்நகரத்தின் சதுக்கத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது நேசமலருக்கு முன்னால் இரண்டு வேலைகள், ஒரே நேரத்தில். இங்கே கூட்டத்தோடு நிற்க வேண்டும். அங்கே பாணை நிரப்ப வேண்டும். வழிகாட்டி ஒருவர் தன் கூட்டத்தை விட்டுப் போவது நல்ல தொடக்கம் அல்ல. வாயில் போட்டு வைக்கக் கேக்கும் இல்லை.

"மேல பாருங்கோ. கோபுரத்தில மாடு நிக்குது. மொத்தம் எத்தினை எண்டு நான் திரும்பி வாறதுக்குள்ள எண்ணி வையுங்கோ. ஒரு இடத்தில நிண்டு எண்ண ஏலாது, சுத்தித்தான் பாக்கோணும். புவனேந்திரண்ணை, நீங்கள் பொறுப்பு."

"நான் எண்ணினாப் பிழைக்காது" என்றார் புவனேந்திரன்.

வெதுப்பகத்தில் அந்தப் பெண் ஏப்ரனை நீட்டினார். நேசமலர் கைகளைக் கழுவி, பாண்களை வரிசையாகக் கிடத்தி, கத்தியை ஒரே இழுப்பில் ஓட்டினார். நாலாவது பாணில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார்; பத்தாவதில் தக்காளித் தட்டைத் தள்ளி அவர் பக்கம் வைத்தார். முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. முட்டை வைத்தவற்றின் தாளில் மூலையை ஒருமுறை மடித்தார்கள், கோழி வைத்தவற்றில் இருமுறை. இரண்டு நாடுகளிலும் அதே வழக்கம்தான் என்று தெரிந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தட்டுகளோடு சதுக்கத்துக்குத் திரும்பும்போது சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

"பதினஞ்சு!"

"பதினாறு! நீங்கள் அந்தப் பக்கக் கோபுரத்துக்குப் பின்னாலை போகேல்லை."

"போனனான். அங்கை நிக்கிறது மாடில்லை."

"கொம்பு இருக்கெல்லே!"

"கொம்பிருந்தா எல்லாம் மாடோ? ஆட்டுக்கும் கொம்பிருக்கு."

பாதிப் பேர் தேவாலயத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தார்கள். சிலர் உள்ளே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து மறுபடி எண்ணினார்கள். கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்து ஒரு குழு தனியாகத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து என்ற கட்சிக்குத் தலைவர் சிவசக்தி.

"பிள்ளை, நீ சொல்லு. எத்தினை?"

"பதினாறு, அக்கா."

"பாத்தீங்களோ?" என்றார் புவனேந்திரன்.

"சரி, பதினாறு. இளம் நாம்பனோ எருதோ?"

"எருது. கல்லு இழுத்த எருது" என்றார் நேசமலர், பாணைக் கொடுத்துக்கொண்டே. தயாரித்து வந்த இரண்டு பக்க உரை பையிலேயே இருந்தது. "இந்தக் குன்றில லொறி இல்லாத காலத்தில கல்லு ஏத்திறதெண்டா மாடுதான். ஒரு மாடு பாதி வழியில விழுந்துபோச்சுதாம். எங்கையிருந்தோ இன்னொண்டு வந்து தோள் குடுத்து மேல இழுத்துப்போட்டு, வந்த மாதிரியே காணாமல் போச்சுதெண்டு இஞ்சத்தை ஆக்கள் கதை சொல்லுவினம். கட்டி முடிச்ச ஆக்கள் மாட்டையும் மேல ஏத்தி வைச்சிருக்கினம்."

"எத்தினை வருசம்?"

"எண்ணூறு வருசம் இருக்கும்."

சிவசக்தி அண்ணாந்து பார்த்தபடி பாணைக் கடித்தார். கடி இறங்கவில்லை. இன்னொரு தடவை கடித்தார்.

"நாங்கள் மாட்டுக்கு வருசத்தில ஒரு நாள் பொங்கிப் போட்டு மற்ற நாளெல்லாம் அடிக்கிறம்" என்றார். "கோயிலைக் கட்டின மேசன்மாரின்ர சிலை எங்கை?"

"தெரியாது அக்கா. நான் காணேல்லை."

"அதுதானே."

பிறகு இரண்டு மணி நேரம் நகரச் சுவரைப் பிடித்து நடந்தார்கள். கல் வாசல், சாய்ந்த தெருக்கள், சுவருக்கு வெளியே கண் போகிற வரை தட்டை நிலம். முழங்கால் நோகிறவர்களை மதிலோர வாங்கில்களில் உட்கார வைத்து, திரும்பும் வழியில் அவர்களை எடுத்துக்கொள்கிற விதமாக நேசமலர் பாதையை மாற்றினார். ஒருவரும் தொலையவில்லை. மூன்றே முக்காலுக்குப் பேருந்து புறப்பட்டது. ஆஹெனை நெருங்கும்போது படிவங்களைக் கொடுத்து, நிரப்பியவற்றைப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டினார். அது நிறுவனத்தின் விதி. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க ஓபர்பார்மன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சந்திப்பு. ஃபிராவ் ரைன்டோர்ஃப் உறையைக் கிழித்து மேசையில் மூன்று அடுக்காகப் பிரித்தார். ஆம் என்ற பெட்டியில் குறியிட்டவை இருபத்தேழு. இல்லை என்ற பெட்டியில் எட்டு. மீதிப் பதினாலில் பெட்டிகளைத் தொடவே இல்லை. கீழே, கருத்துக்கு விட்டிருந்த வரியில் தமிழில் எழுதியிருந்தார்கள்.

"இருபத்தேழு" என்றார் ஃபிராவ் ரைன்டோர்ஃப். "எட்டுக் குறைகிறது."

"இன்னும் பதினாலு இருக்கின்றன."

"அவற்றை நீங்கள் மொழிபெயர்ப்பீர்கள், நான் நம்ப வேண்டும். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தனக்கு மதிப்பெண் போடும் தாளைத் தானே வாசிக்கிற வழிகாட்டியை இதுவரை பார்த்ததில்லை." அவர் கைபேசியை எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, முதல் தாளின் மேல் பிடித்தார். புருவம் உயர்ந்தது. இரண்டாவது தாள். மூன்றாவது.

"ஒன்பது பேர் பிரார்த்தனை எழுதியிருக்கிறார்கள்."

"பிரார்த்தனையா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவர்கள் தமிழில் ஓம் என்று எழுதிய இடத்தில் 'ஓம்' என்றே போட்டு, இந்து சமயத்தின் புனித ஒலி என்று கீழே விளக்கமும் கொடுத்திருந்தது செயலி.

"யோகா வகுப்பில் நாங்களும் இதைச் சொல்வோம்" என்றார் ஃபிராவ் ரைன்டோர்ஃப். "பயணம் அவ்வளவு பயங்கரமாகவா இருந்தது?"

"அது உங்கள் 'யா'. யாழ்ப்பாணத்தில் ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல் ஓம்."

"செயலி வேறு சொல்கிறது."

"செயலி யாழ்ப்பாணம் போனதில்லை."

ஃபிராவ் ரைன்டோர்ஃப் சிரிக்கவில்லை. மீதி ஐந்து தாள்களை நகர்த்தி, "இவற்றை வாசியுங்கள்" என்றார். நேசமலர் வாசித்தார். ஒன்று: பாண் கல்லு மாதிரி, பல்லுக்கு ஏலாது. இரண்டு: அடுத்த முறை லாச்சப்பல். மூன்று: கால் வீங்கிப் போச்சு. நான்கு: றைவர் நல்ல பிள்ளை. ஐந்து: பொய் சொல்லி ஏத்தினது புவனேந்திரன், பிள்ளையில பிழை இல்லை, ஆனா நான் இனி வரமாட்டன். எல்லாவற்றையும் அப்படியே ஜெர்மனில் சொன்னார். எதையும் மெருகூட்டவில்லை. செயலியும் ஏறத்தாழ அதையே சொன்னது.

ஒன்பது தாள்களும் தனியாகக் கிடந்தன. அவை ஆம் என்றால் முப்பத்தாறு. பிரார்த்தனை என்றால் ஜூன் 2.

"எல்லாத் தாளிலும் தொலைபேசி எண் இருக்கிறது" என்றார் நேசமலர். "நீங்களே ஒன்றை எடுங்கள். நான் வாய் திறக்கமாட்டேன்."

ஃபிராவ் ரைன்டோர்ஃப் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். மேலே இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்: "சி-வ-சக்-தி."

அந்தப் பெயர் அந்த ஒன்பதுக்குள் இருக்கும் என்று நேசமலர் நினைத்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் சமையலறைச் சத்தம், ஏதோ தாளிக்கிறார்கள்.

"ஹலோ?"

ஃபிராவ் ரைன்டோர்ஃப் மெதுவான, தெளிவான ஜெர்மனில் தன்னை அறிமுகப்படுத்தினார். சனிக்கிழமை எங்கள் பேருந்தில் வந்தீர்கள். ஒரே ஒரு கேள்வி. எங்களோடு மறுபடி வருவீர்களா?

தாளிப்புச் சத்தம் நின்றது.

"ஓம்" என்றது குரல். "ஓம், ஓம்." பிறகு, கேட்டவர் ஜெர்மன்காரி என்பது நினைவு வந்து, ஆம், நிச்சயமாக என்பதை ஜெர்மனில்: "யா. யா, நத்தூர்லிஷ்." அதற்குப் பிறகு ஒரே வீச்சில் தமிழ்: "ஆனா பாரிஸ் எண்டா பாரிஸ் எண்டு எழுதச் சொல்லுங்கோ! எனக்குச் சீலை இன்னும் எடுக்கேல்லை! அந்தப் பிள்ளை நிக்கிறாளோ அங்கை? பதினஞ்சுதான் எண்டு சொல்லுங்கோ, படத்தை என்ர மகனும் பாத்தவன்!"

ஃபிராவ் ரைன்டோர்ஃப் நன்றி சொல்லி வைத்தார்.

"கடைசியில் என்ன சொன்னார்?"

"மாடு பதினைந்துதானாம்."

"எத்தனை?"

"பதினாறு."

ஃபிராவ் ரைன்டோர்ஃப் ஒன்பது தாள்களையும் எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, இருபத்தேழின் மேல் வைத்தார். "இனி அறிவித்தல் அச்சுக்குப் போகும் முன் எனக்கு வரவேண்டும்" என்றார். "எந்த மொழியில் இருந்தாலும்."

"சரி" என்றார் நேசமலர்.

ஒப்பந்தம் மே 22, வியாழக்கிழமை கையெழுத்தானது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். பராமரிப்புப் பயிற்சியில் அவருக்கு ஒதுக்கியிருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஜூன் 28, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நேசமலரின் அடுத்த பேருந்து பிரான்ஸில் இருக்கும் செதான் கோட்டைக்குப் புறப்படுகிறது. நாற்பத்துநான்கு இருக்கைகள் நிரம்பிவிட்டன. பயணிகள் ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர்கள்.